கடன் வாங்கிப் படம் வாங்கிய ராஜா

அன்புள்ள மகனுக்கு,

அம்மாவும் நானும் சுகம். நீ லண்டன் நேஷனல் கேலரியில் நின்று அனுப்பிய போட்டோவுக்குப் பிறகு உன் குரலே இல்லை. வேலை அதிகமாக இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பின்னால் படத்தில் குதிரைமேல் இருக்கிறவன் இங்கிலாந்து ராஜா முதலாம் சார்லஸ், ஓவியர் வான் டைக் வரைந்தது. வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா, தேடிப் படித்தேன். இத்தாலியில் மாந்துவா பிரபு குடும்பம் கையில் காசில்லாமல் விற்ற டிஷியன், ரபேல் படங்களை 1627, 28இல் மொத்தமாக அள்ளியிருக்கிறான். அதே நேரம் பிரான்சோடு சண்டை, படைக்குக் கொடுக்கக் காசில்லை. எல்லாவற்றுக்கும் பணம் புரட்டிக் கொடுத்தவர் புர்லமாக்கி என்ற வியாபாரி. 1633இல் அவர் திவால். பார்க்கிறவனுக்குப் படம் தெரியும், கடன் தெரியாது.

1649இல் ராஜாவின் தலையை வெட்டினார்கள். பிறகு படங்களை விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுத்தார்கள். அரண்மனையில் குழாய் வேலை செய்தவருக்குக் கூலி பாக்கிக்குப் பதில் பசானோ என்ற பெரிய ஓவியரின் படம்! ரபேல் படம் ஒன்று ஸ்பெயின் ராஜாவிடம் போனது. 1660இல் அந்த ராஜாவின் மகன் பட்டத்துக்கு வந்ததும் ஒல்லாந்தர் 24 இத்தாலிய ஓவியங்களும் 12 சிற்பங்களும் பரிசாகக் கொடுத்தார்கள். பாசத்திலா? அவனுடைய தயவு வேண்டும். நம் கண்டி ராஜாவுக்கும் 1693இல் சிம்மாசனம் கொடுத்தது அவர்கள்தானே. கொழும்பு மியூசியத்தில் தொடப்போய் ஏச்சு வாங்கினாயே, அதேதான். 1815இல் வெள்ளைக்காரன் எடுத்துப்போய், 1934இல்தான் திருப்பித் தந்தான்.

நீ வாங்கி அனுப்பிய பிரிட்ஜ் வந்து இறங்கியது. லயத்து வீட்டு ஆட்களெல்லாம் கூடிவிட்டார்கள். அம்மா எல்லாரிடமும் "மகன் அனுப்பினது" என்று சொல்லி மாளவில்லை. எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஹட்டன் குளிருக்கு எதற்கு மகன் பிரிட்ஜ்? போன பொங்கலுக்கு டிவி, தீபாவளிக்குப் போன். நாங்கள் கேட்டோமா? ஒரு போன் எடுக்க முடியாதவன் பிரிட்ஜ் அனுப்புகிறாய்.

மாமா மகன் கனடாவிலிருந்து பேசினான். உன்னைப் பற்றியும் பேச்சு வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் முழுதாகச் சொல்லவில்லை. யாரிடமும் கை நீட்டாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அடுத்த மாதத்திலிருந்து காசு அனுப்ப வேண்டாம். என் பென்ஷன் எங்களுக்குப் போதும். அங்கே யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் எவ்வளவு என்று எனக்கு மட்டும் எழுது. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
அப்பா