'டெட் ஆஃப் நைட்' போடுமுன்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தேவலை என்றதில் நிம்மதி. அடுத்த மாதம் ஃபிலிம் சொசைட்டியில், பல கதைகளைக் கோத்த பழைய பிரிட்டிஷ் திகில் படமான 'டெட் ஆஃப் நைட்' போடப்போகிறாய் என்றதும் நாலு விஷயம் சொல்லத் தோன்றியது.

முதலில், கைக்கு வந்திருப்பது 103 நிமிடப் பிரதிதானா என்று பார். 1946-இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது கிறிஸ்துமஸ் விருந்துக் கதையையும் கோல்ஃப் கதையையும் வெட்டிவிட்டார்கள். மிஞ்சியது சுமார் 77 நிமிடம். கடைசியில் வரும் கெட்ட கனவில் நாயகன் கிரெய்க் ஒவ்வொரு கதைக்குள்ளும் புகுந்து ஓடுவான். வெட்டிய பிரதி பார்ப்பவர்களுக்கு அங்கே கண்ணாமூச்சி ஆடும் பிள்ளைகள் எங்கிருந்து முளைத்தார்கள் என்றே புரியாது.

அறிவிப்பில் 'ஐந்து பேய்க் கதைகள்' என்று எழுதியிருக்கிறாய். அதை மாற்றிவிடு. அந்த ஐந்தையும் கோக்கும் ஆறாவது கதைதான் படமே. கட்டடக் கலைஞன் கிரெய்க் ஒரு பண்ணை வீட்டுக்கு வருகிறான். அங்கிருப்பவர்களை ஏற்கெனவே கனவில் பார்த்திருக்கிறேன் என்கிறான். கையில் காசில்லாமல் ஒரு கருங்கூந்தல் பெண் வருவாள் என்கிறான். வருகிறாள், டாக்சிக்குக் கொடுக்கச் சில்லறை கேட்டுக்கொண்டு. சிறுமி சாலியை நான் அடிக்கப்போகிறேன் என்கிறான். அவளோ அம்மாவோடு கிளம்பிப் போய்விடுகிறாள். அப்பாடா என்று நாமும் மூச்சு விடுகிறோம். அந்தக் கடனைப் படம் கடைசியில் வட்டியோடு வசூலிக்கும். இந்தச் சரடை இயக்கியவர் பேசில் டியர்டன். பல கதைப் படங்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: ஒரு கதை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் பயம் ஆறிப்போகும். இதில் கதைக்குக் கதை திரும்பும் அந்த வரவேற்பறையில்தான் பயம் ஏறுகிறது.

கண்ணாடிக் கதை ராபர்ட் ஹேமர் இயக்கியது. என் கணக்கில் படத்தின் உச்சம் இதுதான், பலர் சொல்லும் பொம்மைக் கதை அல்ல. பேயே கிடையாது. கணவன் கண்ணாடியில் பார்த்தால் வேறொரு பழைய அறை, பெரிய கட்டில், எரியும் கணப்பு. மனைவி பார்த்தால் அவர்களுடைய சாதாரண அறை. அவன் அவள் கழுத்தை நெரிக்கும்போதுதான் அவளுக்கும் அந்த அறை தெரிகிறது. அதுவரை பித்துப் பிடித்த கணவனின் கதை. அந்த ஒரு நொடியில் பேய்க் கதை. அவ்வளவு நேரம் காட்டாமல் வைத்திருந்ததுதான் சாமர்த்தியம்.

கவல்கான்டி இயக்கிய பொம்மைக் கதையில் பொம்மை ஹ்யூகோவை விட்டுவிட்டு, அதைப் பேசவைக்கும் வித்தைக்காரனாக நடிக்கும் மைக்கேல் ரெட்கிரேவின் வியர்வையைக் கவனிக்கச் சொல். சவ வண்டிக் கதை இ. எஃப். பென்சன் 1906-இல் எழுதியதிலிருந்து வந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. கோல்ஃப் கதை எச். ஜி. வெல்ஸிடமிருந்து எடுத்தது, கொஞ்சம் அசட்டுத்தனம்தான். ஆனாலும் வெட்டாதே, அங்கே சிரிக்கவைத்து ஆளைத் தளர்த்தினால்தான் அடுத்து வரும் பொம்மை நெஞ்சில் ஏறும். இடைவேளை விடவே வேண்டாம். கட்டாயம் என்றால் கோல்ஃபுக்கு முன்னால் விடு, பின்னால் விடாதே.

படம் கிட்டத்தட்டச் சதுரச் சட்டகம், 1.37-க்கு 1. அகலத்திரைக்கு இழுத்தால் எல்லோருக்கும் முகம் பூசணிக்காயாகிவிடும். மேலும் கீழும் வெட்டினால் தலை போகும். இருபுறமும் கறுப்புப் பட்டை கிடக்கட்டும்.

கிரெய்க் கட்டிலில் விழித்துக்கொள்வான், தொலைபேசி அடிக்கும். படம் முடிந்தது என்று கூட்டம் செருப்பைத் தேடும் இடம் அது. வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறுவதே அதற்குப் பிறகுதான்: கிரெய்க் மறுபடி அதே பண்ணை வீட்டுக்கு வருவான், கதை வட்டமாகச் சுற்றும். 1948-இல் விஞ்ஞானிகள் ஹாயிலும் போண்டியும் கோல்டும் முன்வைத்த, தொடக்கமோ முடிவோ இல்லாத பிரபஞ்சக் கொள்கைக்குப் பொறி தட்டியது இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த பேச்சில்தான் என்பார்கள். பெயர்ப் பட்டியலும் கிரெய்க் திரும்ப வரும் காட்சியின் மேலேயே ஓடும். அதனால் திரை இருளும்வரை ஸ்விட்ச் பக்கம் யாரும் போகக் கூடாது என்று ஆபரேட்டரிடம் இப்போதே சொல்லிவை.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்