பேராதனைக்கு ஒரு நாள் போதாது

ஆசிரியருக்கு,

கண்டிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பேராதனைப் பூங்காவை அவசரமாகப் பார்த்துவிட்டு வேன் ஏறிவிடுகிறார்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சரிதான். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து, பிறகு பக்கத்திலேயே வாடகைக்கு இருந்தவன் என்பதால் சொல்கிறேன், பார்க்கவேண்டியது பூங்காவுக்கு அடுத்த கேட்டில், அந்த வளாகத்தில்தான் இருக்கிறது.

1952-இல் கொழும்பிலிருந்து பல்கலைக்கழகம் இங்கே வந்தது. மகாவலிக்கு ஒரு கரையில் பொறியியல் பீடம், மறுகரையில் மற்றவை, நடுவே அக்பர் பாலம். காலை ஏழு மணிக்கு அதில் நின்றால் ஹந்தானை மலை பாதி பனிமூட்டத்தில் இருக்கும், கீழே ஆறு மழைக்குப் பிறகு தேத்தண்ணீர் நிறத்தில் ஓடும், முதலாம் வருடப் பிள்ளைகள் விரிவுரைக்குப் பிந்திவிட்டோமே என்று நம்மை இடித்துக்கொண்டு ஓடுவார்கள். வளாகத்துக்கென்றே சரசவி உயன என்று ஒரு ரயில் நிலையம்கூட உண்டு. வெள்ளிக்கிழமை மாலை குறிஞ்சிக்குமரன் கோயில் மணி, அப்புறம் திறந்தவெளி அரங்கில் நாடக ஒத்திகைச் சத்தம்.

குறையும் உண்டு, துணி காயவே காயாது! அட்டையும் கடிக்கும். விடுமுறையில் ஊரே வெறிச்சோடிவிடும், சாப்பாட்டுக் கடைக்காரர் நம்மிடமே கதை கேட்பார். வருகிறவர்கள் பாடம் நடக்கும் மாதத்தில் வாருங்கள்.

பழைய மாணவன்,
மாத்தளை