மீன் எண்ணெய் மாத்திரை போட்டுக்கொண்டு குடிக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். சென்ற வாரம் ஓர் அம்மா, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்து மேசையில் வைத்து மீன் எண்ணெய் மாத்திரை கேட்டார். “வீட்டுக்காரர் குடியை விடமாட்டேன் என்கிறார். இதைப் போட்டால் குடல் புண்ணாகாதாமே?” என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

குடல் சுவரின் செல்களை நெருக்கமாகப் பிணைத்திருக்கும் இணைப்புகளை மது தளர்த்திவிடுகிறது. அந்த இடுக்கு வழியே பாக்டீரியாக்களின் நச்சு ரத்தத்தில் கசிந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. மீன் எண்ணெய் போன்ற கொழுப்புகளில் உள்ள கொழுப்பு அமிலங்களால் இதைத் தடுக்க முடியுமா என்று ஆராய்ச்சி நடப்பது உண்மைதான். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், மதுவோடு நிறைவுற்ற நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களும் கொடுக்கப்பட்டபோது குடலில் லாக்டோபேசில்லஸ் என்னும் நல்ல பாக்டீரியா குறையாமல் நின்றது, கல்லீரல் பாதிப்பும் தணிந்தது. ஆனால் அது சுண்டெலிகளில் நடந்த சோதனை. அதில் கொடுத்த கொழுப்பு வேறு, மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 என்னும் நிறைவுறாக் கொழுப்பு அமிலம் வேறு. இதையெல்லாம் அந்த அம்மாவிடம் யார் சொன்னார்கள்?

எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் கூறிவிட்டது. நான் மாத்திரையை விற்கவில்லை. அரசு மருத்துவமனையின் மது மீட்புப் பிரிவுக்கு வழி எழுதிக் கொடுத்தேன். அத்தகைய பிரிவுகளின் முகவரிகளைத் தங்கள் நாளிதழ் மாவட்டவாரியாக வெளியிட வேண்டும்.

– ஒரு வாசகி, தஞ்சாவூர்