ஃபாரத்தில் எல்லாவற்றையும் எழுது, ராஜி

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள ராஜி,

இங்கு நலம். பிரேமா பேத்திக்குக் காது குத்திய படம் வந்தது. மொட்டைத் தலையும் முறைப்பும் அப்படியே பிரேமாதான், ஹாஸ்டல் மெஸ்ஸில் ரசத்தைப் பார்க்கிற அதே முகம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? அந்த எண்ணெயை விட்டுவிட்டு டாக்டரிடம் போ என்றால் நீ கேட்கவா போகிறாய்!

நேற்று போனில் போகிற போக்கில் ஒன்று சொன்னாயே, அதற்காகத்தான் எழுதுகிறேன். உனக்கும் அண்ணனுக்கும் ஹெல்த் பாலிசி எடுக்கிறீர்கள். ஏஜென்ட் பையன் உன் பிபி மாத்திரையை ஃபாரத்தில் போட வேண்டாம் என்கிறான். "போட்டா பிரீமியம் ஏறும்மா, யாரு வந்து பாக்கப் போறாங்க" என்கிறான். ராஜி, வந்து பார்ப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். போனில் சொன்னால் பாதியில் குக்கர் கூப்பிடுகிறது என்று ஓடிவிடுவாய். அதனால் கடிதம்.

இவருக்குப் போன வருஷம் ஸ்டென்ட் வைத்தது வரை உனக்குத் தெரியும். அதற்கப்புறம் நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. பணம் கைக்கு வந்து சேரும்வரை பேசவே தெம்பு இல்லை.

பாலிசி எடுத்தது 2023இல், இவர் ரிட்டயர் ஆன கையோடு. அப்போது சர்க்கரை கிடையாது. ஸ்டென்ட் வைப்பதற்கு எட்டு மாதம் முன்னால்தான் சர்க்கரை என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்தார். நெஞ்சு வலி என்று ராத்திரி கொண்டுபோய்ச் சேர்த்தபோது, டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண், என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். "சர்க்கரை இருக்கா?" "இருக்கும்மா, எட்டு மாசமா." இதைக் கன்னடத்திலும் சொன்னேன், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் கேஸ் ஷீட்டில் எழுதியது எட்டு வருஷம்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு கேஷ்லெஸ்ஸை, அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டுவதை, நிறுத்திவிட்டார்கள். கையிலிருந்த டெபாசிட்டை உடைத்துக் கட்டிவிட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அப்புறம் பில்லையெல்லாம் சேர்த்து கிளெய்ம் போட்டோம். பதிலுக்கு ஆள் வந்தார்.

இன்வெஸ்டிகேட்டர் என்றதும் நான் யாரோ போலீஸ் மாதிரி இருப்பார் என்று நினைத்தேன். நம் சின்னவன் வயசுப் பையன், தோளில் லேப்டாப் பை, கேட்டதும் தண்ணீர் வாங்கிக் குடித்தான், ரொம்ப மரியாதை. மருந்து டப்பாவைத் திறந்து காட்டச் சொல்லி ஒவ்வொரு அட்டையையும் திருப்பிப் படம் எடுத்தான். பழைய சீட்டெல்லாம் கேட்டான். எந்தக் கடையில் மருந்து வாங்குவீர்கள், குடும்ப டாக்டர் யார், எந்த லேபில் ரத்தம் கொடுப்பீர்கள் என்று குறித்துக்கொண்டான். நம் தெருமுனை மெடிக்கல் ஷாப்காரரிடமும் கீழே வாட்ச்மேனிடமும் எங்களுக்கு முன்னாலேயே விசாரித்துவிட்டான் என்று பிற்பாடு தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டின் பக்கங்களை முழுசாக நகல் எடுத்திருந்தான். நாம் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும்தான் பார்ப்போம், அவர்கள் பார்ப்பது நர்ஸ் எழுதிய வரி வரைக்கும்.

கிளம்பும்போது ஒரு பேப்பரை நீட்டி, "நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கேன் மேடம், ஒரு சைன்" என்றான். இவர் பேனாவைத் திறந்துவிட்டார். நான் வாங்கிப் படித்தேன். ஆங்கிலத்தில், "நோயாளிக்குச் சில வருடங்களாகச் சர்க்கரை உண்டு" என்கிற மாதிரி ஒரு வரி. நாங்கள் சொன்னது எட்டு மாதம். அந்த வரியை அடித்து, பக்கத்தில் மாதத்தையும் வருஷத்தையும் எழுதி, அதன் கீழே இவரைக் கையெழுத்துப் போடச் சொல்லி, போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன். பையன் முகம் சுருங்கிவிட்டது. அவன்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. ஆனால் அந்த வரி அப்படியே போயிருந்தால் நாங்கள் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இன்னொன்று அன்றைக்கு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2019இல் இவருக்கு சிறுநீரகக் கல் எடுத்தோமே, நீ கூட வந்து இரண்டு நாள் இருந்தாயே, அது ஆபீஸ் குரூப் பாலிசியில் போட்ட கிளெய்ம். கம்பெனியே வேறு. அந்த விவரம் அவன் கையில் இருந்தது. எந்த ஆஸ்பத்திரி, எந்த மாதம், எவ்வளவு பணம் என்பது உட்பட.

இதை அப்புறம் இவருடைய நண்பர் ஒருவர், இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர், பொறுமையாக விளக்கினார். ஐதராபாத்தில் இன்சூரன்ஸ் இன்ஃபர்மேஷன் பியூரோ என்று ஒன்று இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ. 2009இல் ஆரம்பித்தது. எல்லாக் கம்பெனிகளும் தங்கள் பாலிசி, கிளெய்ம் விவரங்களை அங்கே கொடுக்க வேண்டும். அது போக, டி.பி.ஏ. என்கிறோமே, கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நின்று கிளெய்மைப் பார்க்கிறவர்கள், ஒரே டி.பி.ஏ. பல கம்பெனிகளுக்கு வேலை செய்வார்கள், அவர்களிடமும் பழைய கணக்கு இருக்கும். நாம் கம்பெனி மாறினால் பழைய கதை அங்கேயே நின்றுவிடும் என்று நினைக்கிறோம், அது நமக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. லைஃப் பாலிசியிலும் அப்படித்தான். எடுத்து மூன்று வருஷத்துக்குள் சாவு என்றால் அது 'ஏர்லி கிளெய்ம்', கட்டாயம் ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். மூன்று வருஷம் தாண்டிவிட்டால் இன்சூரன்ஸ் சட்டத்தின் 45ஆம் பிரிவுப்படி அந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது. ஹெல்த் பாலிசிக்கு அந்தக் காலம் 60 மாதம், 2024இல்தான் எட்டு வருஷத்திலிருந்து குறைத்தார்கள். அதிலும் மோசடி என்று நிரூபித்தால் விலக்கு உண்டு. ஆக முதல் ஐந்து வருஷம் நம் ஃபாரம் அவர்கள் மேஜையில் திறந்தே கிடக்கும்.

இப்போது கேள். 2023இல் எங்கள் ஏஜென்டும் உன் ஆள் மாதிரியேதான் சொன்னார், கல் எடுத்ததை எழுத வேண்டாம் என்று. இவர் பிடிவாதமாக எழுத வைத்தார். உனக்குத்தான் இவரைத் தெரியுமே, பஸ் கண்டக்டர் கூடக் கொடுத்த சில்லறையை அடுத்த ஸ்டாப் வரை துரத்திக்கொண்டு போய்க் கொடுத்த மனுஷன். அந்தப் பிடிவாதம்தான் எங்களைக் காப்பாற்றியது.

எப்படி என்றால், கிளெய்மை நிராகரித்துக் கடிதம் வந்தது: பாலிசிக்கு முன்பே இருந்த சர்க்கரையை மறைத்ததாக. நான் ராத்திரியெல்லாம் அலமாரியைக் குடைந்தேன். 2019 ஃபைல் கிடைத்தது. அந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக இருக்கிறது, சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை என்று. ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்த ரிப்போர்ட்டும் நார்மல். எட்டு வருஷமாகச் சர்க்கரை இருந்தால் 2019இல் அது எங்கே போயிற்று? எங்களைப் பிடிக்க அவர்கள் தோண்டி எடுத்த அதே பழைய கிளெய்ம்தான் எங்களுக்குச் சாட்சி. அதை நாங்கள் ஃபாரத்தில் மறைத்திருந்தால் அந்தக் காகிதத்தை வெளியே எடுத்திருக்கவே முடியாது, யோசித்துப் பார்.

ஆஸ்பத்திரியில் இதய டாக்டரைப் பிடித்து, கேஸ் ஷீட்டில் தவறாகப் பதிவானது என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கினோம். சர்க்கரை முதல் முதலில் தெரிந்த லேப் ரிப்போர்ட், முதல் மருந்துச் சீட்டு, 2019 சம்மரி, எல்லாவற்றையும் வைத்துக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினோம். ஒரு மாதம் போயும் வந்தது அச்சடித்த மாதிரி ஒரு பதில்தான். ஒரு கிளெய்மை மறுப்பதற்கு முன்னால் மூன்று பேர் கொண்ட குழு பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்று 2024இல் விதி வந்திருக்கிறது. எங்கள் காகிதங்களை அந்த மூன்று பேரில் ஒருவராவது திறந்து பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அப்புறம் ஜே.பி. நகர். இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன், அதாவது கம்பெனிமேல் நாம் கொடுக்கிற புகாரை விசாரிக்கிறவர், அவருடைய அலுவலகம் அங்கே ஜீவன் சௌதா கட்டடத்தில் இருக்கிறது. அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் பச்சை லைன் மாறிப் போனோம். இவர் படியேற வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். கட்டணம் கிடையாது, வக்கீல் கிடையாது, 50 லட்சம் வரை கேட்கலாம். கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான். அங்கிருந்து கம்பெனிக்கு நோட்டீஸ் போனதும், விசாரணைக்கு முன்னாலேயே அவர்களாகவே பணத்தைப் போட்டுவிட்டார்கள். கையுறை, பஞ்சு என்று கொஞ்சம் கழித்துக்கொண்டார்கள், போகட்டும்.

ராஜி, எனக்கு ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. விசாரிப்பது தப்பே இல்லை. பொய் பில், போகாத ஆஸ்பத்திரி, இல்லாத நோய் என்று ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பணம் நம் பிரீமியத்திலிருந்துதான் போகிறது. நன்றாக விசாரிக்கட்டும். ஆனால் இவ்வளவு விசாரிக்கத் தெரிந்தவர்கள் பணம் வாங்கும்போது ஏன் விசாரிப்பதில்லை? அப்போது ஒரு போன், ஐந்து கேள்வி, ஒரு ஓடிபி. முடிந்தது. மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்கிற ஆள் அன்றைக்கு எங்கே போனார்? படுத்திருக்கிறவன் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகுதான் அவன் யோக்கியனா என்று பார்க்க வேண்டுமா? 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி ஒரு வழக்கில், உடல்நிலை விவரம் தெரிந்தே பாலிசி கொடுத்துவிட்டு அதையே காரணம் காட்டிப் பிற்பாடு மறுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பை எங்கள் மனுவில் எழுதினேன். எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது, பயத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

ஆனால் பார், அந்தத் தீர்ப்பு கைகொடுப்பதும் நாம் சொல்லியிருந்தால்தான். நீ பிபியை எழுதாவிட்டால் அது உனக்கு இல்லை.

அதனால் இதைச் செய். பிபி, என்றைக்கிலிருந்து, எந்த மாத்திரை, எழுது. கர்ப்பப்பை ஆபரேஷனை எழுது, அது எப்போதோ நடந்தது என்று விடாதே. அண்ணனின் பழைய ஹெர்னியா கிளெய்மையும் எழுது. பிரீமியம் கொஞ்சம் ஏறும், பிபிக்குக் காத்திருப்புக் காலம் என்று போடுவார்கள், அதுவரை பிபியால் வருகிற செலவுக்குப் பணம் கிடைக்காது, அதிகபட்சம் 36 மாதம், அது தாங்கக்கூடியது. அந்தப் பையன் தன் மொபைலில் தட்டிக்கொண்டே "ஓடிபி சொல்லுங்கம்மா" என்பான். அந்த ஓடிபிதான் உன் கையெழுத்து. படிக்காமல் சொல்லாதே. பாலிசியோடு ஃபாரத்தின் நகல் வரும், அதில் 'இல்லை, இல்லை' என்று அவனாகப் போட்டிருந்தால் உடனே கம்பெனிக்கு எழுது. வேண்டாம் என்றால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம்.

ஓடிபி சொல்வதற்கு முன்னால் ஃபாரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பு. நானும் இவரும் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறோம். இந்த வாரமே அனுப்பு.

அண்ணனுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
வசந்தா

பி.கு.: உன் பிள்ளை காருக்குக் கம்பெனி மாற்றப் போகிறானாமே. போன வருஷம் பம்பருக்கு கிளெய்ம் வாங்கினான் இல்லையா, அதை மறைத்து நோ கிளெய்ம் போனஸ் கேட்க வேண்டாம் என்று சொல். கிளெய்ம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20 சதவீதம், ஐந்து வருஷமானால் 50 சதவீதம் வரை தள்ளுபடி என்பதால் எல்லாருக்கும் ஆசை வரும். பழைய கம்பெனியிடம் கேட்டால் தெரிந்துவிடும். நாளைக்கு வண்டி எங்கேயாவது மோதினால் சொந்தச் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது. எங்கள் எதிர்வீட்டுப் பையனுக்கு அப்படித்தான் ஆயிற்று.