கட்டை தானாக மூழ்கட்டும்

அன்பு மகளுக்கு,

கரையிலிருந்து நீ எடுத்து வந்த கட்டையின் படத்தைப் பலமுறை பார்த்துவிட்டேன். மான்கொம்பு போல இரண்டாகக் கிளைத்து, நடுவில் ஒரு பொந்து. மீன் நுழைந்து ஒளிவதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையே தொட்டிக்குள் வைக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம், அம்மா. சில வாரங்களாவது பொறு.

நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது நம் தொட்டி மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தது நினைவிருக்கிறதா? தண்ணீர் கெட்டுவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். கெடுத்தது நான் வைத்த கட்டை. மேலே மட்டும் கழுவிவிட்டு, உள்ளே மக்கியிருந்ததைப் பார்க்காமல் வைத்துவிட்டேன். வெளியே எடுத்தபோது என் விரல் கட்டைக்குள் இறங்கியது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. மக்கிய மரம் நீருக்குள் மேலும் அழுகும்போது, மீன் மூச்சுவிட வேண்டிய ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. நீ அன்று அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் முதலில் நகத்தால் அழுத்திப் பார். வைரம் பாய்ந்த கட்டையில் நகம் இறங்காது. இறங்கும் இடத்தைக் கத்தியால் கெட்டி மரம் தெரியும்வரை சுரண்டு. பொந்தின் உள்விளிம்பை விட்டுவிடாதே, மக்கல் அங்கேதான் ஒளிந்திருக்கும். பட்டை இருந்தால் முழுவதும் உரித்துவிடு. பிசின் வாசனை வந்தாலோ, பெயின்ட், ஆணி, பூச்சி மருந்து ஏற்றிய பச்சை நிறம் எதுவும் தெரிந்தாலோ அந்தக் கட்டை தொட்டிக்கு ஆகாது. அப்படிப்பட்ட மருந்துகளில் பெரும்பாலும் தாமிரம் இருக்கும். உன் இறால்கள் அதைத் தாங்காது.

பிறகு கெட்டியான பிரஷ்ஷால் வெறும் தண்ணீரில் தேய். சோப்பு வேண்டாம், பிளீச்சும் வேண்டாம். மரம் அதைக் குடித்துவைத்துக்கொண்டு பின்னால் மெல்லக் கக்கும். அடுத்து, ஒன்றிரண்டு மணி நேரம் கொதிக்க வை. பூச்சி முட்டையும் பூஞ்சை வித்துகளும் பெரும்பாலும் அதில் போய்விடும், மரத்துக்குள் இருக்கும் காற்றும் வெளியேறும். சமையலுக்குத் திரும்ப எடுக்காத பாத்திரமாக இருக்கட்டும். பிரஷர் குக்கரில் மூடி போட்டு மட்டும் வேகவைக்காதே. கிளை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பாதி நேரம் கழித்துத் திருப்பிப் போடு.

ஆற்றில் எடுத்ததா, கடலில் எடுத்ததா என்று நீ எழுதவில்லை. கடல் கட்டை என்றால் உப்பு உள்வரை ஏறியிருக்கும். வாரக்கணக்கில் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இரு. மாற்றுமுன் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார். ஊறிய தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே எண் காட்டும்வரை பொறு.

ஆற்றுக் கட்டையையும் ஊறவைக்கத்தான் வேண்டும். மேலே ஒரு கல்லை ஏற்றி, வாளியில் அமுக்கி வை. தண்ணீர் கடுந்தேநீர் நிறமாகும். பயப்படாதே, அது மரத்திலிருந்து கசியும் டானின் என்ற துவர்ப்புச் சத்து. தென் அமெரிக்காவின் ரியோ நெக்ரோ ஆற்றில் கார்டினல் டெட்ரா என்ற சின்ன மீன்கள் அப்படிப்பட்ட கருந்தண்ணீரில்தான் வாழ்கின்றன. எனக்கு அந்த நிறம் பிடிக்கும். உனக்குப் பிடிக்காவிட்டால் ஃபில்டரில் கொஞ்சம் ஆக்டிவேட்டட் கார்பன் கரி போட்டுக்கொள். ஒவ்வொரு நாளும் கல்லை எடுத்துப் பார். மிதக்கிற கட்டையைத் தொட்டியில் வைத்தால், ஒரு ராத்திரி நழுவி மேலே வந்து கண்ணாடியில் மோதும்.

தொட்டிக்குள் போன சில நாளில் அதன்மேல் பஞ்சு போல வெள்ளையாக ஒரு வழுவழுப்புப் படரும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் மீனுக்குக் கெடுதல் இல்லை. இறாலும் நத்தையும் அதை மேய்ந்துவிடும். சில வாரங்களில் தானே அடங்கும். அது அடங்கிய பிறகு அனுபியாஸ் செடியைக் கிளையில் பருத்தி நூலால் கட்டு. நூல் மக்குவதற்குள் வேர் மரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கல்லை எடுத்த பிறகும் கட்டை அடியிலேயே கிடக்கிற அன்று ஒரு படம் எடுத்து அனுப்பு. அந்தப் பொந்து எந்தப் பக்கம் பார்த்து அமர்கிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அப்பா