ரோபோவுக்குச் சேலை கட்டிவிட்டவள் எழுதுகிறேன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ரோபோ பற்றிச் செய்தி வந்தாலே அதன் மூளையைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள், அது உடுத்தியிருக்கும் துணியை யாரும் கவனிப்பதில்லை. நான் தையல்காரி, என் கண் முதலில் அங்கேதான் போகும்.

2024-ல் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கு ஐரிஸ் என்ற ரோபோ டீச்சர் வந்தது ஞாபகம் இருக்கும். கீழே சக்கரம், மேலே சேலை. பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு ஸ்பீக்கர் போதாதா? போதும்தான், ஆனால் அந்தச் சேலை மட்டும் இல்லையென்றால் படத்தைப் பார்த்தவுடன் யாருக்கும் டீச்சர் என்று தோன்றியிருக்காது. ஜப்பானில் பெப்பர் என்று நாலடி உயர ரோபோ ஒன்று, செல்போன் கடைகளில் நின்று வாடிக்கையாளரை வரவேற்றுக்கொண்டிருந்தது. 2017-ல் டோக்கியோவில் நடந்த ஈமச்சடங்குத் தொழில் கண்காட்சியில் அதே பெப்பருக்குப் பிக்குவின் அங்கியை மாட்டி, சூத்திரம் ஓதி மேளம் தட்ட வைத்தார்கள். அதே ஆண்டு துபாயில் இன்னொரு ரோபோவுக்குப் போலீஸ் தொப்பி!

எங்கள் ஊர் ஜவுளிக்கடை ஒன்றிலும் வாசலில் ஒரு ரோபோ வைத்தார்கள். சேலை நிற்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். கையைத் தூக்கினால் அக்குளில் ஜாக்கெட் இழுத்தது, அதைப் பிரித்துத் தைத்தேன். கரை சக்கரத்தில் மாட்டாமல் இருக்க நாலு விரல் ஏற்றிக் கட்டி, கொசுவத்தையும் நிரந்தரமாகத் தைத்துவிட்டேன். அப்புறம் முதுகில் காற்றுப் போகிற ஓட்டையை முந்தானை மூடி, சூடாகி நின்றேபோனது, அது தனிக் கூத்து.

அம்மா அதைப் பார்த்ததும் கும்பிட்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். இரண்டு மாதம் கழித்துப் போனபோது சேலை இல்லை, துவைக்கப் போட்டிருந்தார்களோ என்னவோ, வெறும் வெள்ளை பிளாஸ்டிக்காக நின்றது. அதே குரல், அதே "வாங்க வாங்க". அம்மா அதன் கையிலிருந்த தட்டில் பையை வைத்துவிட்டுக் குடையை மடக்கினார், ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், உடுப்பு போடுவதைச் சும்மா அலங்காரம் என்று விட்டுவிடக் கூடாது. காக்கி போட்ட மனிதர் தப்பாக ஏதாவது சொன்னால் மேலே போய்ப் புகார் கொடுக்கலாம், தொப்பி வைத்த இயந்திரம் தப்பாகச் சொன்னால் யாரிடம் போவது? இன்னொன்று, வரவேற்கவும் பாடம் சொல்லவும் வைக்கிற ரோபோவுக்கு இங்கே சேலைதான் கட்டுகிறார்கள், ஒன்றுக்காவது வேட்டி கட்டி நான் பார்த்ததில்லை. கடைக்காரரிடம் கேட்டேன், சிரித்தார்.

அடுத்த முறை ரோபோ படம் போடும்போது, அந்த உடையைத் தேர்ந்தெடுத்தது யார், எதற்கு என்று கேட்டு ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். ஜாக்கெட் தைத்த கூலி எனக்கு இன்னும் வரவில்லை, அதை நானே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி, ஈரோடு