கியர்பாக்ஸை ஏமாற்றிய டியூனிங்: செலவுத் தொகையைத் திரும்பக் கேட்டுப் புகார்

அனுப்புநர்:
வாகன உரிமையாளர்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.

பெறுநர்:
மேலாளர்,
கார் டியூனிங் பிரிவு,
கோயம்புத்தூர்.

ஐயா,

என்னுடையது 2017 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார். 1.2 லிட்டர் டர்போ, இரண்டு கிளட்ச் வைத்துத் தானே கியர் மாற்றுகிற ஏழு கியர் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். ஜனவரியில் உங்களிடம் ஸ்டேஜ் 1 (பாகம் எதையும் மாற்றாமல் என்ஜின் கணினியின் மென்பொருளை மட்டும் மாற்றுகிற டியூனிங்) செய்ய வந்தபோது 58,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதுவரை கியர்பாக்ஸில் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. உங்கள் மென்பொருள் ஃபைலை ஏற்றியபின் 3,200 கிலோமீட்டர்தான் ஓடியது, கிளட்ச் இரண்டும் கருகிவிட்டன.

நான் கேட்டது என்ன என்பது உங்கள் வாட்ஸ்அப்பிலேயே இருக்கும். "எனக்கு ரேஸ் வேண்டாம், வள்ளியூர் போகிற நாலுவழிச் சாலையில் லாரியைத் தாண்ட இழுவை இருந்தால் போதும், கியர்பாக்ஸ் பத்திரம்" என்று எழுதியிருந்தேன். கம்பெனி செட்டிங்கில் இந்த என்ஜினுக்கு 105 பிஎஸ் பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). இந்த உலர் கிளட்ச் கியர்பாக்ஸ் தாங்குவது 250 வரை. அதனால் 220க்குள் நிறுத்துங்கள், முதல் இரண்டு கியரில் இன்னும் குறையுங்கள் என்றேன். முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் வேகமாக மிதித்தால் பாரம் பின்னால் போய் முன்சக்கரம் லேசாகிச் சுற்றும். சுற்றுகிற சக்கரம் சட்டென்று ரோட்டைப் பிடிக்கும்போது அந்த அடியெல்லாம் இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலிலும் கியர் பல்லிலும் விழும். முதல் கியரில் டார்க்கைக் கூட்டி யாருக்கு என்ன லாபம்? "சரி சார், பண்ணிடலாம்" என்று உங்கள் ஆள் பதில் போட்டிருக்கிறார்.

நீங்கள் தந்த டைனோ தாளிலோ (பவரையும் டார்க்கையும் அளக்கிற எந்திரத்தின் பதிவு) 1,900 ஆர்பிஎம்மிலேயே டார்க் 243ல் நிற்கிறது.

மே மாதம், நல்ல வெயிலில், ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஊர்ந்து ஊர்ந்து ஏறும்போதுதான் முதலில் அந்த வாடை வந்தது, தேங்காய் நார் கருகுகிற மாதிரி. அப்புறம் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போதெல்லாம் வண்டி உதறி, கியர் லீவருக்கு முன்னால் போட்டு வைத்திருந்த சில்லறை கிலுகிலுக்கும். இரண்டு வாரம் கழித்து நாங்குநேரி டோல்கேட் தாண்டியதும் கியர் எண் மின்னி, வண்டி நின்றுவிட்டது. எழுபது வயது அம்மாவோடு ரோட்டோரத்தில் இரண்டு மணி நேரம் நின்றேன்.

உங்களுக்குப் போன் செய்தால் "லாஞ்ச் போட்டிருப்பீங்க" என்றீர்கள். பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதித்து வண்டியைச் சீறிக் கிளப்புகிற அந்த லாஞ்சை நான் ஒரு நாளும் போட்டதில்லை.

வண்ணார்பேட்டை மெக்கானிக் அண்ணாச்சி கிளட்ச் செட்டை மாற்றிவிட்டு, உங்கள் ஃபைலோடேயே ஸ்கேனர் மாட்டி ஓட்டிப் பார்த்தார். என்ஜின் கணினி கியர்பாக்ஸ் கணினிக்குச் சொல்லுகிற டார்க் 180ஐத் தாண்டவே இல்லை. "என்ஜின் கணக்கைக் கொறச்சிச் சொல்லுது, கிளட்ச் அத நம்பி லேசாத்தான் பிடிக்கு" என்றார். வந்த கணக்குக்கு ஏற்ற அழுத்தத்தில்தான் இந்தக் கிளட்ச் பிடிக்கும். கணக்கு பொய்யானால் வழுக்கும். சூட்டை வாங்கிக்கொள்ள உள்ளே ஆயிலும் கிடையாது என்பதால் கருகும். கியர்பாக்ஸ் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருந்த வழியை மறைத்துவிட்டு, "நூறு சதவீதம் சேஃப்" என்று என்னிடம் பணம் வாங்கியிருக்கிறீர்கள். எனக்கு ஆறாதது இதுதான்.

டியூனிங் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. டார்க்கை 2,500 ஆர்பிஎம்முக்கு மேல் படிப்படியாக ஏற்றி, 220ல் மட்டமாக வைத்து, மேல் ஆர்பிஎம்மில் பவர் எடுத்திருக்கலாம். உண்மைக் கணக்கைக் கியர்பாக்ஸுக்கு அனுப்பி, கிளட்ச் அழுத்தத்தையும் அதற்கு ஏற்ப வைத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இன்று நானே நாலு பேரை உங்களிடம் அனுப்பியிருப்பேன்.

கிளட்ச் செட்டும் கூலியும் 96,400 ரூபாய், டியூனிங்குக்குக் கொடுத்தது 28,000. மொத்தம் 1,24,400 ரூபாயை 15 நாளில் திருப்பித் தர வேண்டும். வண்டியிலிருந்து எடுத்த கம்பெனி ஃபைலையும் உடனே அனுப்புங்கள். அது வரும்வரை வண்டி ஷெட்டில்தான் நிற்கும். பதில் இல்லையென்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனு கொடுப்பேன். 2019ஆம் வருடச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே அதைக் கொடுக்கலாம்.

டைனோ தாள், ஸ்கேனர் பதிவு, பில்கள், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். கருகிய தட்டுகளை ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்